குழந்தையின் பேதியும் வீட்டுத் தம்ளரும்

பேதியுற்ற குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தால் போக்கு மிகும் என்னும் எண்ணம் நம் இல்லங்களினின்று இன்னும் முற்றிலும் அகன்றபாடில்லை. பேதியில் பெரும்பாலும் உயிரைக் கவர்வது உடலிலிருந்து நீரும் உப்பும் இழக்கப்படுவதேயாகும்.

நோயுற்ற குடலும், குளுகோஸ் உடன் சேருமாயின், உப்பையும் நீரையும் உறிஞ்சிக் கொள்ளும். 1971-ஆம் ஆண்டு மேற்கு வங்காளத்தின் பன்காவ் அகதிகள் முகாமில் காலரா பரவி, நரம்பு வழியே செலுத்தும் திரவம் தீர்ந்தபொழுது, டாக்டர் திலீப் மகலானபிஸ் இவ்வுண்மையையே துணைக்கொண்டார். கரைசலைப் புகட்டியவர்கள் பெரும்பாலும் நோயாளிகளின் உறவினர்களே. நூற்றுக்கு 30 வரை இருந்த இறப்பு 4-க்கும் குறைந்தது.

இன்று ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எளிதிற் கிடைக்கிறது. அதனைக் கரைக்கும் முறையிலேதான் பிழை நேர்கிறது. ஒரு லிட்டருக்குரிய பொட்டலத்தை ஒரே தம்ளரில் கரைப்பின் உப்பு மிகுந்து தீங்கு விளையும். பாதியைக் கரைத்து மீதியை மடித்து வைப்பதும் தகாது, அளவு தவறிவிடும். தம் வீட்டுத் தம்ளர் எத்தனை கொண்டால் ஒரு லிட்டர் ஆகும் என்பதை மாணவர்களே அளந்து வருமாறு ஆசிரியர்கள் பணிக்கலாம். சுவரொட்டியைக் காட்டிலும் இவ்வளவை தாய்மார் நன்கு நினைவிற் கொள்வர்.

கரைத்தது 24 மணி நேரத்திற்கு மேல் நிற்கலாகாது. தாய்ப்பாலை நிறுத்துதல் கூடாது. துத்தநாக மாத்திரையைப் பேதி நின்றவுடன் விட்டுவிடுவதும் பரவலான வழக்கம். அதனை 14 நாளும் கொடுத்தல் வேண்டும். மலத்தில் இரத்தம் கண்டாலோ, குழந்தை குடிக்க இயலாது சோர்ந்து கிடந்தாலோ, கரைசலை மட்டும் நம்பியிராது உடனே மருத்துவமனைக்கு அனுப்புக.