உங்களுக்குத் தெரியுமா? சீட்டுக்கட்டு ராஜா போட்டிருப்பது யார் வீட்டு உடுப்பு?

● ‘ஹங்கேரியச் சீட்டு’ என்று ஹங்கேரிக்காரர்கள் சொந்தம் கொண்டாடும் 32 சீட்டுக் கட்டில், பெயர் போட்ட ஒரு ஹங்கேரியர்கூடக் கிடையாது. எல்லாரும் சுவிஸ் நாட்டுக் கதை மாந்தர்கள். கலகக்காரன் வில்லியம் டெல், அவனைப் படுத்தியெடுத்த ஆளுநர் கெஸ்லர், வேட்டைக்காரன், மேய்ப்பன் என்று ஜெர்மன் நாடகாசிரியர் ஷில்லரின் 1804-ஆம் ஆண்டு நாடகத்திலிருந்து இவர்களைக் கொண்டுவந்தவர், பெஸ்ட் நகரில் சீட்டு தயாரித்த யோசெஃப் ஷ்னைடர். காலம், 1830-கள். அப்போது ஹங்கேரியை ஆண்டது ஹாப்ஸ்பர்க் வம்சம். உள்ளூர்க் கலகக்காரனை வரைந்தால் தணிக்கையில் மாட்டும். சுவிஸ்காரன் என்றால் பிழைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டாராம். கதையில் கெஸ்லரும் ஹாப்ஸ்பர்க் ஆள்தான் என்பது ஆடுகிறவர்களுக்குத் தெரியாதா என்ன! அந்த வில்லனுக்குப் போய் ஆட்டின் சீட்டைக் கொடுத்ததுதான் எனக்குப் புரியவில்லை.

● பிரெஞ்சுப் புரட்சி சூடாக இருந்த 1793-இல், பாரிஸ் கட்டு ஒன்றில் கிரீடங்கள் காலி. ராணி இருந்த இடத்தில் ‘சுதந்திரம்’, ஜாக்கிக்குப் பதில் ‘சமத்துவம்’. சில வருஷங்களில் ராஜா, ராணி எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்கள்.

● ரஷ்யர்களின் ‘ரஷ்ய பாணி’ கட்டுக்கு மூலம் ஒரு மாறுவேட விருந்து. 1903 பிப்ரவரியில் பீட்டர்ஸ்பர்க் குளிர்கால அரண்மனைக்கு விருந்தினர் அனைவரும் 17-ஆம் நூற்றாண்டு உடையில் வரவேண்டும் என்று உத்தரவு. ஜார் இரண்டாம் நிக்கோலஸ், தன் மூதாதை அலெக்ஸி மிகைலோவிச் வேடத்தில், ரோமம் வைத்த தொப்பியும் சரிகை அங்கியுமாக வந்து நின்றார். அந்த அங்கிதான் ஆட்டின் ராஜாவுக்குப் போனது. இந்த அலெக்ஸியின் மகன்தான் மகா பீட்டர். பழைய உடையை விலக்கி, பிரபுக்களின் தாடியை மழிக்கவைத்த அதே பீட்டர்! அப்பா உடுப்பை மகன் ஒழித்தார். வாரிசுகள் அதை வேடமாகப் போட்டுக்கொண்டார்கள்.

1911-இல் இந்தக் கட்டை உருவாக்கியது ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரிலிருந்த டொண்டார்ஃப் அச்சகம். மூன்றே வருஷத்தில் இரு நாடுகளும் போரில் மோதிக்கொண்டன.

● ஜார் காலத்து ரஷ்யச் சீட்டுகளின் டைமண்ட் ஏஸில் ஒரு கூழைக்கடா தன் குஞ்சுகளுக்கு இரை ஊட்டும். சீட்டு விற்ற லாபம் அநாதைக் குழந்தைகள் இல்லங்களுக்குப் போனதால் அந்த முத்திரை. புரட்சிக்குப் பிறகு கூழைக்கடா போய்விட்டது. ஜாரின் அங்கி மாட்டிய ராஜாவையோ, சோவியத் அரசே லெனின்கிராடில் அச்சடித்து விற்றது.