தண்டவாளத் துண்டும் கான்சாஸ் பள்ளிக்கூடமும்

நான் பார்க்கப் போனது கிணறு. மகள் குடும்பம் இருப்பது அமெரிக்காவின் நடுவில், கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டா நகரத்தில். மாப்பிள்ளைக்கு அங்கே விமானக் கம்பெனியில் வேலை. மேற்கே 175 கிலோமீட்டர் போனால் கிரீன்ஸ்பர்க் என்று ஒரு சிற்றூர், அங்கே கையாலேயே தோண்டிய பெரிய கிணறு ஒன்று இருக்கிறது, ஆழம் 109 அடி, வாய் 32 அடி என்றார்கள். வேதாரண்யம் பக்கத்துக்காரனுக்கு நல்ல தண்ணீர்க் கிணறு என்றால் கால் நிற்குமா? புளியோதரையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

1887, 88ஆம் ஆண்டுகளில் தோண்டிய கிணறு அது. சுற்றுப்படியில் இறங்கிப் பார்த்தேன். கல் அடுக்கிய நேர்த்தியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் மேலே ஏறி வந்து தெருவைப் பார்த்தபோது மனசுக்குள் ஏதோ இடறியது. கிணற்றுக்கு வயது நூற்று முப்பதைத் தாண்டிவிட்டது. மரங்களில் ஒன்றுகூட இருபது வயதைத் தாண்டியதாகத் தெரியவில்லை. வீடுகளும் அப்படியே. மரத்தின் பருமனைப் பார்த்து வயசு சொல்லத் தெரிந்தவனுக்கு அந்தத் தெரு ஒரு நொடியில் கதையைச் சொல்லிவிட்டது. 2018 நவம்பரில் வந்த கஜா புயலுக்குப் பிறகு எங்கள் ஊரிலும் மரங்கள் இப்படித்தான், எல்லாம் ஒரே வயசு.

“இங்கேயும் புயலா?” என்று மகளைக் கேட்டேன்.

“புயல் இல்லப்பா, டொர்னாடோ. 2007ல.”

இரண்டும் வேறு என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. நம் கஜா வங்கக்கடலில் பிறந்து, நாள்கணக்கில் நடந்து வந்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்தில் அடித்தது. பெயர் வைக்கவும் எண் கூண்டு ஏற்றவும் அவகாசம் இருந்தது. டொர்னாடோ அப்படியல்ல. தெற்கே மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வரும் ஈரமான வெப்பக் காற்றும் மேற்கே மலைகளிலிருந்து வரும் வறண்ட காற்றும் அந்தச் சமவெளியின் மேல் முட்டிக்கொள்ள, இடிமேகத்திலிருந்து தும்பிக்கை மாதிரி ஒன்று தரைக்கு இறங்கும். பெரும்பாலும் சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். அகலமும் சில நூறு அடிதான் இருக்கும். கிரீன்ஸ்பர்க்கில் 2007 மே 4 வெள்ளிக்கிழமை இரவு இறங்கியது ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர் அகலம். ஊரைவிட அகலமான தும்பிக்கை! காற்றின் வேகம் மணிக்கு 330 கிலோமீட்டர் என்று கணித்தார்கள். ஊரில் 95 சதவீதம் தரைமட்டம். சங்கு முன்கூட்டியே ஊதியதால் சனம் வீட்டின் நிலவறைகளில் இறங்கித் தப்பித்தது. அப்படியும் 11 உயிர் போயிற்று.

இரண்டு ஊரிலும் காற்று வந்தது இரவில். பள்ளிக்கூடம் காலியாக இருந்த நேரத்தில். ஒரு தலைமை ஆசிரியனாக நான் முதலில் கணக்குப் பார்ப்பது அதைத்தான்.

கஜா கரையேறியது 16ஆம் தேதி விடிவதற்கு முன். எங்களுடையது ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. ஓட்டுக் கட்டடம் ஒன்று, கான்கிரீட் கட்டடம் ஒன்று. முற்றத்துப் புங்கை ஓட்டுக் கட்டடத்தின் மேல் படுத்துக் கிடந்தது. கான்கிரீட் கட்டடம் முகாமாகிவிட்டது. ஆறாம் வகுப்பில் அடுப்பு, ஏழாம் வகுப்பில் கைக்குழந்தைக்காரிகள். பீரோவைத் திறந்தால் சேர்க்கைப் பதிவேடு சோறு மாதிரி குழைந்திருந்தது. ஏடு ஏடாகப் பிரித்து, மேலே ஓட்டுத்துண்டு வைத்து, வெயிலில் காயப்போட்டேன். அப்போது ஒரு தாய் வந்து கேட்டாள்: “பள்ளிக்கூடம் எப்ப சார் வைப்பீங்க?”

வீடு போய்விட்டது, தென்னை போய்விட்டது, கரண்ட் எப்போது வரும் என்று தெரியாது. அவள் கேட்டது பள்ளிக்கூடத்தை. என்னிடம் பதில் இல்லை. தேதியை மேலே இருப்பவர்கள் சொல்ல வேண்டும். மேலே இருப்பவர்களுக்கு எங்கள் ஊருக்கு வழி திறந்திருக்கிறதா என்பதே தெரியவில்லை.

கிணற்றடி அருங்காட்சியகத்தில் கிரீன்ஸ்பர்க் பள்ளிக்கூடத்தின் கதையைக் கேட்டபோது அந்தத் தாயின் முகம்தான் வந்து நின்றது. அங்கே பள்ளிகளை நடத்துவது ‘பள்ளி மாவட்டம்’. மாவட்டம் என்றதும் நம் நாகப்பட்டினம் மாவட்டம் மாதிரி நினைக்க வேண்டாம். ஒரு சிற்றூரும் சுற்றுப் பண்ணைகளும் சேர்ந்தாலே ஒரு பள்ளி மாவட்டம், பிள்ளைகள் சில நூறு பேர் இருந்தால் போதும். கான்சாஸில் மட்டும் இப்படி 280க்கும் மேல். ஊரார் ஓட்டுப் போட்டு 7 பேர் கொண்ட குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். டொர்னாடோ வந்த காலத்தில் உறுப்பினருக்குச் சம்பளம் கிடையாது. அந்தக் குழு ஒரு கண்காணிப்பாளரை வேலைக்கு வைக்கிறது. நம் கல்வி அலுவலரின் வேலைதான், ஆனால் அவருக்கு மேலே இருப்பது தலைநகரம் அல்ல, கோதுமை அறுக்கிறவரும் கடை வைத்திருக்கிறவரும். மாநிலம் பணம் தருகிறது. நிலத்துக்கும் வீட்டுக்கும் கட்டும் வரியிலும் பள்ளிக்குப் பங்கு உண்டு. கடன் பத்திரம் போட்டுப் புதுக் கட்டடம் கட்டுவதென்றால் பொதுவாக ஊரிடம் ஓட்டுக் கேட்க வேண்டும்.

கிரீன்ஸ்பர்க்கில் அப்போது கண்காணிப்பாளராக இருந்தவர் டாரின் ஹெட்ரிக். பள்ளியின் ஒரு கட்டடமும் மிஞ்சவில்லை. ஆனாலும் வரும் ஆகஸ்ட்டில் இதே ஊரில் பள்ளி நடக்கும் என்று சொல்லிவிட்டார். நான் 34 வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவன். அந்த அறிவிப்பின் எடை எனக்குத் தெரியும். வீடு கட்டித் திரும்புவதா, பக்கத்து ஊரில் வாடகைக்குப் போய் அங்கேயே இருந்துவிடுவதா என்று அறுபது மைல் தள்ளி உறவினர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் குடும்பம் முதலில் பார்ப்பது பிள்ளையின் படிப்பைத்தான். ஒரு வருஷம் வேறு பள்ளியில் சேர்த்துவிட்டால் பிறகு அந்தப் பிள்ளையைப் பெயர்ப்பது கடினம். பிள்ளை நின்ற இடத்தில் குடும்பமும் நிற்கும்.

அந்த மே மாதமே, படிப்பை முடித்த மாணவர்களுக்கு கோல்ஃப் திடலில் கூடாரம் போட்டுப் பட்டமளிப்பு நடத்தினார்கள். ஆகஸ்ட்டில் பள்ளி திறந்தது. லாரியில் இழுத்து வந்து நிறுத்திய தகரப் பெட்டி அறைகளில்தான் வகுப்பு. பிள்ளைகள் குடியிருந்ததும் பலர் அரசு கொடுத்த அதே மாதிரிப் பெட்டி வீடுகளில். பெட்டியில் தூங்கி எழுந்து பெட்டியில் போய்ப் படித்தார்கள், மூன்று வருஷம். டொர்னாடோவின் முதலாண்டு நினைவு நாளன்று, 2008 மே 4ஆம் தேதி, அப்போதைய அதிபர் ஜார்ஜ் புஷ்ஷே வந்து பட்டமளிப்பில் பேசிவிட்டுப் போனார். எங்கள் ஊருக்கு அதிகாரிகள் வந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். வருகிறவர்கள் போட்டோவுக்கு நிற்கும் இடம் எல்லா நாட்டிலும் இடிந்த சுவருக்கு முன்னால்தான் போலிருக்கிறது.

எங்கள் பள்ளியின் மணி ஒரு தண்டவாளத் துண்டு. புங்கைக் கிளையில் தொங்கியது மரத்தோடு போய்விட்டது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஓட்டுக் குவியலுக்குள்ளிருந்து அதைத் தோண்டி எடுத்துவந்தான். தலை முறிந்து நின்ற தென்னையில் கயிறு போட்டுக் கட்டினோம். உத்தரவு வருவதற்குக் காத்திராமல் ஒரு திங்கட்கிழமை காலை அடித்தேன். விதிப்படி தவறு. முதல் நாள் 17 பேர் வந்தார்கள், ஆறு பேருக்குச் சட்டை இல்லை. தார்ப்பாயின் கீழே வாய்ப்பாடு சொன்னோம். ஊர்ப் பையன்கள் தாங்களாகவே மரத்தை அறுத்து அப்புறப்படுத்தினார்கள். அடுத்த ஆண்டு ஊரே தவில் நாகசுரத்தோடு கல்விச் சீர்வரிசை எடுத்துவந்தது. தாம்பாளத்தில் தேங்காய் பழம், பின்னால் மின்விசிறி, நாற்காலி, குடம், சிங்கப்பூரில் இருக்கும் பழைய மாணவன் கொடுத்த இரும்பு பீரோ. பெண்ணுக்குச் சீர் கொண்டுபோகிற மாதிரி பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்த பீரோவில்தான் இன்றும் குழைந்த பதிவேடு இருக்கிறது.

கிரீன்ஸ்பர்க்கின் புதுப் பள்ளி 2010 ஆகஸ்ட்டில் திறந்தது. மழலை முதல் பன்னிரண்டாவது வரை ஒரே கூரை. செலவு சுமார் 5 கோடி டாலர். சில நூறு பிள்ளைகளுக்கு இவ்வளவா என்று என் கஞ்சக் கணக்கு முனகத்தான் செய்தது. ஆனால் அந்த ஊர் ஒரு பிடிவாதம் பிடித்திருந்தது. 4,000 சதுர அடிக்கு மேற்பட்ட நகராட்சிக் கட்டடம் எதுவானாலும் மின்சாரத்தையும் தண்ணீரையும் மிச்சம் பிடிக்கும் பசுமைக் கட்டடமாக, ‘லீட்’ சான்றிதழில் உச்சமான பிளாட்டினம் நிலையில் இருக்க வேண்டும் என்று 2007 டிசம்பரிலேயே நகர மன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். பள்ளியும் அதே தரத்தில் எழுந்தது. வகுப்புக்குள் பகலில் விளக்குக்கு அதிகம் வேலையில்லாதபடி சன்னல்கள். பள்ளிக்கென்று தனிக் காற்றாலை. ஊரைக் கவிழ்த்த காற்றையே பிடித்து வேலை வாங்குகிறார்கள். சுவர்ப் பலகையைத் தொட்டுப் பார்த்தேன். கத்ரீனா புயலடித்த பகுதியிலிருந்து மீட்ட மரமும் இதில் இருக்கிறது என்று மாப்பிள்ளை சொன்னார். எங்கள் புங்கையை விறகுக்கு விற்றது நினைவுக்கு வந்தது. விற்காமல் இரண்டு பெஞ்சு செய்திருக்கலாம்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மாலையில் பள்ளியில் கூடைப்பந்துப் போட்டி. டிக்கெட் வாங்கி நாங்களும் உட்கார்ந்தோம். பேரப்பிள்ளை ஆடாத கிழவர்கள்கூட வந்திருந்தார்கள். ஆட்டத்தைவிடப் பார்வையாளர் படிகளைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் தேர் நிலைக்கு வரும்போது சனம் நிற்குமே, அந்த நிற்பு.

பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், தான் படித்த காலத்தில் அணிக்கு ‘ரேஞ்சர்ஸ்’ என்று பெயர் என்றார். இப்போது ‘மாவரிக்ஸ்’. பக்கத்து மல்லின்வில் ஊரின் பள்ளி மாவட்டமும் இதோடு சேர்ந்தது, பெயர் கிரீன்ஸ்பர்க் என்பது போய் கயோவா கவுண்டி என்றானது. பழைய கோப்பைகளில் பழைய பெயர். இதைச் சொல்லும்போது அவர் மைதானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார், என்னைப் பார்க்கவில்லை. 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஊர் மக்கள் 1,574 பேர். 2010இல் 777. பள்ளி அவ்வளவு சீக்கிரம் திறந்தும் பாதிப் பேர் திரும்பவில்லை. திறக்காமல் இருந்திருந்தால் எத்தனை பேர் என்று அவரைக் கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்கவில்லை. எங்கள் பள்ளியிலும் கஜாவுக்கு அடுத்த ஜூனில் முதல் வகுப்பில் சேர்ந்தது ஒன்பதே பேர். திருப்பூருக்குப் போன குடும்பங்கள் பல திரும்பவில்லை.

விச்சிட்டா திரும்ப இரவு பதினொன்றாகிவிட்டது. மறுநாள் காலை பேரனிடம், “உங்க ஸ்கூல்ல டொர்னாடோ வந்தா என்னடா பண்ணுவீங்க?” என்றேன். “வாங்க தாத்தா, காட்டுறேன்” என்று நடைக்கு இழுத்துப் போனான். சன்னல் இல்லாத உள்சுவரைப் பார்த்து முட்டி போட வேண்டும். தலையைக் குனிந்து, இரண்டு கையாலும் பிடரியை மூடிக்கொள்ள வேண்டும். டீச்சர் சொல்லும் வரை எழுந்திருக்கக் கூடாது.

நானும் அவன் பக்கத்தில் முட்டி போட்டேன். “குனியுங்க தாத்தா, இன்னும்” என்று என் தலையை அமுக்கினான். டீச்சர் அவன்தான் என்பதால் அவன் சொல்லும் வரை இருந்தேன். எழுந்திருக்கத்தான் மகள் வந்து கை கொடுக்க வேண்டியிருந்தது.