சோயா: அமுதமா, நஞ்சா?

மத்தியப் பிரதேசத்தில் குடியேறிய தமிழன்பர்களுக்குச் சோயா புதியதன்று. மழைக்காலத்தில் ரயில் பாதையின் இருமருங்கும் பசுமையாய் விளைந்து நிற்பது அதுவே. நம் இல்லத்திலும் வாரம் இருமுறை மீல்மேக்கர் குழம்பு உண்டு.

சென்ற ஆண்டு நம் தமக்கையார் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுத் திரும்பினார். நலம் விசாரிக்க வந்த ஒருவர், "சோயாவைத் தொடாதீர்கள் அக்கா, அது நோயை வளர்க்கும்" என்றார். மற்றொருவரோ, "அதுவே மருந்து" என்றார். தமக்கையார் அஞ்சித் தட்டை ஒதுக்கினார். நாம் வைத்தியரல்லோம்; குமாஸ்தாவே. எனினும் உண்மையை அறிய முற்பட்டோம்.

சோயாவில் ஜெனிஸ்டீன், டெய்ட்ஸீன் முதலிய தாவரப் பொருள்கள் உள்ளன. ஐசோஃப்ளேவோன் என்பது இவற்றின் பொதுப்பெயர். இவை ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் சுரப்புநீரை அமைப்பில் ஒத்தவை. ஈஸ்ட்ரோஜன் உயிரணுவின் பூட்டுக்கேற்ற சாவி என்போமானால், இவை அப்பூட்டில் நுழையும் வேறொரு சாவி. ஆயினும் திருப்பும் வலிமை குறைவு. ஒருவர் அஞ்சியதற்கும் மற்றவர் புகழ்ந்ததற்கும் இவ்வொப்புமையே காரணம்.

சீன நாட்டு ஷாங்காய் நகரில் இந்நோய்க்கு ஆளான 5,042 மாதரைத் தொடர்ந்து கவனித்து, 2009-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். சோயா உணவை மிகுதியாக உண்டோரிடம் நோய் மீளுதலும் மரணமும் குறைந்திருந்தன. நாளொன்றுக்குச் சோயாப் புரதம் 11 கிராம் எட்டும்வரை நன்மை கூடிற்று. அதே ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சி, அந்நகரத்து மாதர் சுமார் 73,000 பேரைப் பற்றியது. இளமை முதல் சோயா உண்டோர்க்கு, மாதவிடாய் நிற்குமுன் வரும் மார்பகப் புற்றுநோய் குறைவாயிருந்தது.

ஆயினும் இவை தொடர்பைக் காட்டுவனவேயன்றிச் சோயாவே காரணமென நிலைநாட்டுவனவல்ல. அம்மாதர் உண்டதும் டோஃபு, சோயாப் பால் போன்ற உணவே, மாத்திரையன்று.

தமக்கையாரின் மருத்துவரும், "உணவாகத் தாராளமாய் உண்ணுங்கள் அம்மா, சோயா மாத்திரை வேண்டாம், எங்கள் மருந்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்" என்றார்.

ஒன்று கூறி முடிப்போம். தமக்கையார் கட்டியை உணர்ந்தபின்னும் நாணத்தால் நான்கு திங்கள் மறைத்துவிட்டார். அந்நாட்களிலும் நம் வீட்டில் சோயாக் குழம்பு கொதித்துக்கொண்டுதான் இருந்தது. 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் சுமார் 1,92,000 மாதருக்கு இந்நோய் புதிதாகக் கண்டதாக மதிப்பிட்டுள்ளனர். ஆகவே சகோதரிகளே, சோயா நல்லுணவு. ஆனால் காப்புக் கயிறன்று. கட்டி தென்பட்டால் அன்றே வீட்டாரிடம் சொல்லுங்கள். தாமதமின்றி மருத்துவரிடம் காட்டுங்கள்.

தமக்கையார் இப்பொழுது குழம்பை மறுப்பதில்லை. மருந்து வேளையும் தவறுவதில்லை.