பெட்டியில் 2500 வாட், பின்னால் 60 வாட்

கொழும்புப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் மின்சாதனக் கடைகளுக்குக் குறைவில்லை. அங்கே அடுக்கி வைத்திருக்கும் மலிவான ஹோம் தியேட்டர் பெட்டி ஒன்றைப் பாருங்கள். முன்பக்கம் முழுக்க நெருப்பும் மின்னலும். நடுவில் கொட்டை எழுத்தில் ‘2500 வாட்’. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், அதற்குக் கீழே பி.எம்.பி.ஓ. என்று நான்கு எழுத்து. கருவியை வெளியே எடுத்துத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். மின்வயர் நுழைகிற இடத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும்: 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், 60 வாட்.

பொரளையில் மாடிவீட்டில் இருக்கும் என் அக்காவின் மகள் தரம் எட்டில் படிக்கிறாள். வீட்டுக்கு ஒரு செட் பார்க்கப் போனபோது இந்த ஸ்டிக்கரைக் கண்டுபிடித்தவள் அவள்தான். “மாமா, சுவரில இருந்து 60 வாட்தான் எடுக்குது எண்டால், மிச்சம் 2440 வாட்டும் எங்க இருந்து வருது?” என்று கேட்டாள். கடைக்காரருக்குத் திடீரென்று வேறு வேலை நினைவுக்கு வந்துவிட்டது.

எங்கிருந்தும் வரவில்லை. சக்தியை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று விஞ்ஞானப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அந்த விதி புறக்கோட்டையிலும் செல்லும். வாட் என்பது ஒரு செக்கனுக்கு எவ்வளவு சக்தி செலவாகிறது என்ற கணக்கு. கருவிக்குள் இருக்கும் கொள்ளளவிகள் கொஞ்சம் மின்னேற்றத்தைச் சேர்த்து வைத்திருந்து, மேளம் ‘டும்’ என்று விழும்போது ஒரேயடியாகக் கொட்டும். அந்தக் கணத்தில் 60ஐத் தாண்டலாம். அதற்காக 2500 ஆகிவிடாது. அப்படியொரு கணத்தைப் பிடித்து, எல்லா ஸ்பீக்கருக்கும் கூட்டி, தயாரிப்பாளர் மனம்போனபடி பெருக்கி எழுதுவதுதான் பி.எம்.பி.ஓ. அதற்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட அளவீட்டு முறை எதுவும் கிடையாது. நீங்கள் துள்ளிக் குதித்தபோது தலை எட்டிய உயரத்தை அடையாள அட்டையில் உங்கள் உயரமாக எழுதினால் எப்படி இருக்கும்? அப்படித்தான். தேட வேண்டியது ஆர்.எம்.எஸ். என்று போட்ட எண். ஓயாமல் தரக்கூடிய வலு அது.

ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் வயரைப் பாருங்கள். வீட்டிலுள்ள மின்கேத்தல் 2000 வாட் என்றால், 230 வோல்ட்டில் அதற்கு ஏறத்தாழ 9 அம்பியர் மின்னோட்டம் வேண்டும். அதனால்தான் கேத்தலின் வயர் தடிப்பானது. அதைவிடக் கூடுதல் வலு தருவதாகச் சொல்லும் பெட்டியின் வயர் மேசை விளக்கு வயர் அளவுக்கு மெலிந்திருந்தால், பொய் சொல்வது எது என்று உங்களுக்கே தெரியும்.

உண்மையில் எத்தனை வாட் வேண்டும்? சாதாரண வீட்டு ஸ்பீக்கர் ஒன்றுக்கு ஒரேயொரு வாட் கொடுத்தால், ஒரு மீற்றர் தள்ளி நிற்பவருக்குச் சுமார் 85 டெசிபல் சத்தம் கேட்கும். வாகனங்கள் நெரியும் வீதியோரத்துச் சத்தத்துக்கு அது கிட்டத்தட்டச் சமம். வலுவை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபல் மட்டுமே கூடும். ‘கொஞ்சம் கூடியிருக்கோ?’ என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கும் அளவுதான் அது. காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமென்றால் வலு பத்து மடங்காக வேண்டும். ஆகவே 50 வாட்டை விட்டு 100 வாட்டுக்குப் போகிறவர் கூடுதல் காசு கொடுத்து வாங்குவது அந்த 3 டெசிபலை. பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹோலுக்கு ஒரு ஸ்பீக்கருக்கு உண்மையான 20 வாட் தாராளம் என்பது என் எண்ணம்.

அப்படியானால் காசை எதற்குக் கொடுப்பது? அதற்கு முதலில் உங்கள் காதைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஹோலின் நடுவில் கண்ணைக் கட்டிக்கொண்டு இருங்கள். தம்பியோ தங்கையோ சாவிக்கொத்தைக் குலுக்கியபடி சுற்றி வரட்டும். சத்தம் வரும் திசையை விரலால் காட்டுங்கள். அனேகமாகச் சரியாகவே காட்டுவீர்கள். பிறகு ஒரு காதை இறுகப் பொத்திக்கொண்டு அதையே செய்யுங்கள். விரல் தடுமாறும்.

கொழும்பின் 30 பாகை வெக்கையில் ஒலி ஒரு செக்கனுக்குச் சுமார் 350 மீற்றர் போகிறது. ஒரு மில்லிசெக்கனில், அதாவது செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கில், 35 சென்ரிமீற்றர். சாவிக்கொத்து உங்களுக்கு வலப்பக்கம் என்றால் வலக் காதுக்கு முதலில் கேட்கும். தலையைச் சுற்றிக்கொண்டு இடக் காதுக்குப் போய்ச் சேர மேலும் 0.6 அல்லது 0.7 மில்லிசெக்கன் ஆகும். இந்தத் துளி நேரத்தை மூளை அளந்து ‘வலப்பக்கம்’ என்று சொல்லிவிடுகிறது. தலை மறைப்பதால் இடக் காதுக்குச் சத்தம் சற்றுக் குறைவாகவும் இருக்கும். மூளை அதையும் கணக்கில் எடுக்கும். நேர் முன்னாலும் நேர் பின்னாலும் இருந்து வரும் சத்தம் இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில் வருமே, அதை எப்படிப் பிரிப்பது? காது மடலின் மேடு பள்ளங்கள் ஒலியைக் கொஞ்சம் மாற்றி அனுப்புகின்றன. நாமும் அறியாமலே தலையைத் திருப்பிப் பார்க்கிறோம். கூகைக்கு இன்னும் வசதி. அதன் காதுத் துளைகளில் ஒன்று சற்று மேலே, மற்றது சற்றுக் கீழே. கும்மிருட்டில் ஓடும் எலி எங்கே என்று காதாலேயே பிடித்துவிடும்.

இரண்டு காதுகளின் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு மூளையை ஏமாற்றுவதுதான் சரவுண்ட் சவுண்ட். பொரளைக்குப் பக்கத்து வெலிக்கடையிலிருந்து 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி தன் ஒலிபரப்பைத் தொடங்கியபோது, கேட்ட எல்லாருக்கும் ஒரேயொரு ஒலித்தடம். பாடகரும் வயலினும் மிருதங்கமும் ஒரே துளையிலிருந்து வந்தன. ஆறு ஆண்டுகள் கழித்து லண்டனில் அலன் புளும்லைன் என்ற பொறியியலாளர் மனைவியோடு படம் பார்க்கப் போனாராம். திரையில் ஆள் ஒரு பக்கம் நடக்க, குரல் மறுபக்கத்திலிருந்து வந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. 1931இலேயே இரண்டு ஒலித்தட முறைக்குக் காப்புரிமை கோரிவிட்டார். இன்று நாம் ஸ்டீரியோ என்பது அதைத்தான்.

அடுத்த பெயர் உங்களுக்குத் தெரிந்ததே: டொல்பி. பெட்டிகளில் இரட்டை ‘டி’ அடையாளமாக இருக்கும் அந்தப் பெயர் ரே டொல்பி என்ற அமெரிக்கருடையது. அவர் 1963 முதல் இரண்டு ஆண்டுகள் யுனெஸ்கோ ஆலோசகராக இந்தியாவில் இருந்தார். அங்கே இசையைப் பதிவு செய்யும்போது நாடாவில் எழும் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் அவரை அலைக்கழித்தது. அதை அடக்க வழி தேடியவர் 1965இல் லண்டனில் தன் ஆய்வுகூடத்தைத் தொடங்கினார். 1977இல் டொல்பி ஒலியோடு ‘ஸ்டார் வோர்ஸ்’ வந்தபோது விண்கலம் தலைக்குப் பின்னாலிருந்து பாய்ந்ததைப் பார்த்தவர்கள் மறக்கவில்லை. 1992இல் ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்தோடு டிஜிட்டல் 5.1 தியேட்டருக்கு வந்தது. தமிழில் டொல்பி ஒலிக்குப் பெயர் பெற்ற முதல் படம் 1995இல் வந்த ‘குருதிப்புனல்’.

ஐந்து சரி, அதென்ன புள்ளி ஒன்று? இடம், வலம், நடு, பின் இடம், பின் வலம் என்று ஐந்து ஸ்பீக்கர். அவற்றோடு சேரும் பெரிய பெட்டி சப்வூஃபர். அதற்கென உள்ள தடத்தில் ஏறத்தாழ 120 ஹேர்ட்ஸ் வரையிலான உறுமல் மட்டுமே பதிவாகும். நாமோ 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கிறோம். முழுத் தடம் அல்லாததால் அதற்கு முழு எண் கிடைக்கவில்லை.

உறுமலுக்கு ஒரே பெட்டி போதும் என்பதற்கும் உங்கள் தலைதான் காரணம். 50 ஹேர்ட்ஸ் மீடிறனுள்ள ஒலியின் அலைநீளம் 7 மீற்றர். அந்த அலைக்கு உங்கள் தலை ஒரு தடையே அல்ல. இரண்டு காதுக்கும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும், திசை தெரியாது. ஆனபடியால் சப்வூஃபரைச் சோபாவுக்குப் பக்கத்தில் வைத்தாலும் வெடிச்சத்தம் திரையிலிருந்து வருவதாகவே தோன்றும்.

இப்போது கடைக்குத் திரும்புவோம். பெட்டியில் 5.1 என்று போட்டிருக்கிறது, ஐந்து ஸ்பீக்கரும் இருக்கின்றன. கருவியின் பின்னால் டிவியிலிருந்து சத்தம் வாங்க என்ன துளை இருக்கிறது? சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு வட்டத் துளை மட்டும் என்றால், உள்ளே போவது இரண்டே தடம். இப்படிப்பட்ட மலிவான செட் பெரும்பாலும் அந்த இரண்டையும் பிரதி எடுத்துத்தான் ஐந்து ஸ்பீக்கருக்கும் கொடுக்கும். முன்னால் பேசுகிறவர் பின்னாலும் பேசுவார். உண்மையான ஐந்து தடம் வர ஒப்டிகல் அல்லது எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. இணைப்பு வேண்டும். டொல்பி டிஜிட்டலைப் பிரித்தெடுக்கும் சுற்றும் உள்ளே இருக்க வேண்டும். டிவியிலும் அதே துளை இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிட்டுப் போங்கள். கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. வாட் எல்லாம் பிறகு.

பார்ப்பது என்ன என்பதையும் யோசியுங்கள். நேத்ரா தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவர் ஒருவர். அவருக்கு ஐந்து ஸ்பீக்கர் எதற்கு? குறைந்த காசுக்கு ஐந்து சின்னஞ்சிறு ஸ்பீக்கர் வாங்குவதைவிட, அதே காசுக்கு நல்ல ஸ்பீக்கர் இரண்டும் சப்வூஃபர் ஒன்றும் மேல். அக்கா வீட்டில் அதைத்தான் வாங்கினோம். மருமகளுக்கு முகம் கொஞ்சம் வாடியது. நடுவில் இருந்து படம் பார்த்தபோது, ஸ்பீக்கரே இல்லாத நடுவிலிருந்து குரல் வருவதைக் கண்டு எழுந்து போய் டிவிக்குப் பின்னால் தேடினாள். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே சத்தத்தை ஒரே நேரத்தில் தந்தால், மூளை அதை நடுவில் வைத்துவிடும்.

ஜப்பானில் பாவித்த அம்ப்ளிஃபயர்கள் சில கடைகளில் நல்ல விலைக்கு வரும். ஆசைப்படலாம், ஆனால் ஜப்பானின் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நேரே நம் சுவரில் செருகினால் 2.3 மடங்கு அழுத்தம். வெப்பமோ அதன் வர்க்கமாக ஏறும், ஐந்து மடங்குக்கு மேல். புகைதான் மிஞ்சும். இடையில் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபோமர் வேண்டும். அதன் விலையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். செருகுகிற வேலையைப் பெரியவர்களிடம் விடுங்கள்.

வாங்கிய பிறகு பாகைமானிக்கு வேலை. நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து டிவியின் நடுவுக்கு ஒரு நூல் பிடியுங்கள். இடப்பக்கமும் வலப்பக்கமும் உள்ள ஸ்பீக்கர்கள் அந்த நூலுக்கு 30 பாகையில் இருக்க வேண்டும். ஸ்பீக்கர்களுக்கிடையே 2 மீற்றர் என்றால் நீங்களும் ஒவ்வொன்றிலிருந்தும் 2 மீற்றர். சமபக்க முக்கோணம். பின் ஸ்பீக்கர்கள் இருந்தால் அவை ஏறத்தாழ 110 பாகையில், தோளுக்குச் சற்றுப் பின்னால். சோபா சுவரோடு ஒட்டியிருக்கும் மாடிவீடுகளில் அதற்கு இடமில்லை. பக்கச் சுவர்களில் காதுக்குச் சற்று மேலே மாட்டிவிடலாம். முன் ஸ்பீக்கர் இரண்டரை மீற்றரிலும் பின் ஸ்பீக்கர் ஒரு மீற்றரிலும் இருந்தால் பின்சத்தம் 4 மில்லிசெக்கன் முந்திவிடும். காது முதலில் வந்ததையே நம்பும். ரிமோட்டில் ‘தூரம்’ என்ற அமைப்பு இருந்தால் மீற்றரில் போடுங்கள், கருவி அவ்வளவு நேரம் பிடித்து வைத்து விடும்.

சப்வூஃபருக்கு நூலும் வேண்டாம், பாகைமானியும் வேண்டாம். முழங்கால் போதும். அதைத் தூக்கி நீங்கள் வழக்கமாக இருக்கும் இடத்தில் வையுங்கள். கைப்பேசியில் 50 ஹேர்ட்ஸ் ஒலி எழுப்பும் செயலி ஒன்றைப் போட்டு, செட்டோடு இணைத்து, ஹோலின் சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். ஓரிடத்தில் உறுமல் காதை அடைக்கும். ஓரிடத்தில் ‘நின்றுவிட்டதா?’ என்று தோன்றும். மூன்றரை மீற்றர் நீள ஹோல் என்றால், 50 ஹேர்ட்ஸ் அலையில் சரி பாதி அதற்குள் அடங்கும். அலை சுவர்களில் மோதித் திரும்பித் தன்னோடு தானே சேரும்போது, சுவரோரம் பலமாகவும் நட்ட நடுவில் மெலிந்தும் இருக்கும். அளவாகக் கேட்கிற இடத்தில் பெட்டியை வைத்தால் வேலை முடிந்தது. இந்தச் சோதனையை அக்கா வீட்டில் செய்தபோது தவழ்ந்தவர்களில் அத்தானும் ஒருவர்.

சத்தம் எதிரொலித்துக் கலங்கினால், ஒரு கை தட்டிப் பாருங்கள். டைல்ஸ் நிலமும் வெறும் சுவரும் உள்ள ஹோலில் ‘டிர்ர்’ என்று ஒரு வால் கேட்கும். பாயோ, தடித்த திரைச்சீலையோ, புத்தக அலுமாரியோ அதைக் குறைக்கும். 2500ஐ 5000 ஆக்கினாலும் அந்த வால் போகாது.

ஒலி அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். சிறுவர்களுக்கு வாரத்தில் 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. பெரியவர்களுக்கு 80. மாடிவீட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. வசனத்தைச் சுவர் தடுத்துவிடும், நீண்ட அலையைத் தடுக்காது. மேல்மாடிக்கும் கீழ்மாடிக்கும் கதையும் கேட்காது, பாட்டும் கேட்காது, ‘டும் டும்’ மட்டும் போய்ச் சேரும். சப்வூஃபருக்கு அடியில் தடித்த ரப்பர் துண்டு நான்கு வையுங்கள். இரவு பத்துக்குப் பிறகு அதன் குமிழைப் பாதிக்குக் கீழே இறக்கிவிடுங்கள்.