பழைய பேட்டரியும் ரத்தத்தில் ஏறும் ஈயமும்

வீட்டில் இன்வெர்ட்டர் பேட்டரி மக்கர் பண்ணினால் என்ன செய்கிறோம்? பழசைக் கடைக்காரரிடம் தள்ளிவிட்டு, அதற்கொரு தொகையைக் கழித்துக்கொண்டு புதுசு வாங்கி வந்துவிடுகிறோம். அந்தப் பழசு அப்புறம் எங்கே போகிறது? அதன் எடையில் பாதிக்கு மேல் ஈயம். அதை உடைத்து, உருக்கி, மறுபடி பேட்டரிக்கே அனுப்பும் ஆலைகள் கும்மிடிப்பூண்டிப் பக்கம் இருக்கின்றன. இப்படிப்பட்ட ஆலைகளுக்கு எங்கள் செஞ்சி வட்டாரப் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறார்கள்.

ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். மேலும் சூடேறினால் புகையாகக் கிளம்பி, கண்ணுக்குத் தெரியாத தூளாகப் படியும். மூச்சு வழியாகப் போவது பாதி. கையிலிருந்து பீடிக்கும் சோற்றுக்கும் போவது மீதி.

"வயிறு முறுக்குதுங்க, மூணு நாளா வெளிய போகலை, ஒரே அசதி" என்றுதான் வருவார்கள். பார்த்தால் சாதாரண மலச்சிக்கல், சோகை மாதிரி இருக்கும். சிலருக்கு ஈறு ஓரம் நீலக்கோடு தெரியும்; முற்றினால் மணிக்கட்டு தொங்கிவிடும். அதுவரை காத்திருக்கலாமா? அதனால் "என்ன வேலை தம்பி பாக்குறே?" என்று முதலிலேயே கேட்டுவிடுவேன்.

பாளையங்கோட்டைக் கல்லூரியில் எண்வகைத் தேர்வு படித்தவன் நான். நாடியில் வாதம் மிஞ்சியிருப்பது தெரியும். ரத்தத்தில் எத்தனை மைக்ரோகிராம் ஈயம் என்று எந்த நாடியும் சொல்லாது! அதற்கு ரத்தப் பரிசோதனைதான்.

ஆலையில் கண்காணிப்பு இரண்டு விதம். இடுப்பில் சின்ன பம்ப், சட்டைக் காலரில் வடிகட்டி மாட்டி, ஷிஃப்ட் முழுக்கத் தொழிலாளி சுவாசிக்கும் காற்றை அளப்பது ஒன்று. ஆனால் காற்று சுத்தமாக இருந்தும், கை கழுவாமல் சாப்பிட்டால் ஈயம் ஏறத்தானே செய்யும்? ஆகவே ரத்தத்தையும் பார்க்க வேண்டும். ரத்தத்திலுள்ள ஈயம் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகும். எலும்பில் சேர்ந்ததோ பல வருடம் கிடக்கும். இரண்டு மாதம் லீவில் இருந்துவிட்டு ரத்தம் கொடுத்தால் கணக்கு குறைவாகத்தான் காட்டும். ஒரு தடவை பார்த்து "நார்மல்" என்று விட்டுவிடக் கூடாது.

ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் இருந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டி. தொழிலாளிகளுக்கான கணக்கு வேறு. அமெரிக்காவின் 1978 விதிப்படி 60ஐத் தொட்டால் அந்த வேலையிலிருந்து விலக்க வேண்டும். கலிஃபோர்னியா 2025 முதல் அதை 30 ஆக்கிவிட்டது. நம் நாட்டிலோ, 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் ஈய நஞ்சு முதலாவதாக இருந்தது.

சில இடங்களில் விஷம் முறிய வெல்லமும் பாலும் தருகிறார்கள். தரட்டும், நல்ல ஆகாரம். ஆனால் முகமூடிக்கும் புகை உறிஞ்சும் விசிறிக்கும் அது ஈடாகாது. வெறும் வயிற்றில் ஈயம் அதிகம் உறிஞ்சப்படும். இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்தாலும் அப்படியே. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு நல்லது.

குழந்தைகள் விஷயம்தான் பயங்கரம். செனகல் நாட்டில் டாக்கர் அருகே, பழைய பேட்டரி உடைத்த மண் கலந்த இடத்தில் 2007 நவம்பர் முதல் 2008 மார்ச்சுக்குள் 18 குழந்தைகள் இறந்தார்கள். அப்பாவின் வேலைச் சட்டையிலும் அதே தூள்தான் வருகிறது. ஆலையிலேயே குளித்து, உடை மாற்றி வர வேண்டும். அந்தத் துணியைக் குழந்தைத் துணியோடு ஊறப் போடாதீர்கள்.

"அப்போ ஈயச்சொம்பு ரசம்?" என்று கேட்பீர்கள். அசல் ஈயச்சொம்பு வெள்ளீயம். அது வேறு உலோகம். கலப்படமாகக் காரீயம் சேர்ந்திருந்தால்தான் ஆபத்து.

எங்கள் மருத்துவத்தில் கருவங்கம் என்பது இந்தக் காரீயம்தான். இந்த வேலை பார்ப்பவர் யார் சொன்னாலும் வங்கம் சேர்ந்த பற்பம், செந்தூரம் தொடக் கூடாது. ஈயத்தை வெளியேற்றும் மருந்தை ஆஸ்பத்திரியில் டாக்டர் மேற்பார்வையில்தான் எடுக்க வேண்டும். அந்த வேலையிலிருந்து விலகாமல் அதை மட்டும் சாப்பிட்டுப் பிரயோசனமில்லை.

உங்கள் உறவில் யாராவது இந்த வேலையில் இருந்தால், கடைசியாக ரத்தத்தில் ஈயம் பார்த்த தேதியையும் எண்ணையும் கேளுங்கள். "பார்த்தாங்க, எண்ணெல்லாம் சொல்லலை" என்றால், அந்த அறிக்கையின் நகலை வாங்கி வரச் சொல்லுங்கள்.