உஷார்! பில் இல்லாமல் வரும் மாத்திரை

"நாள் தள்ளிப்போச்சு" என்று தோழியின் காதில் மட்டும் சொல்லிவிட்டு, பக்கத்து ஊர் மெடிக்கலுக்கு ஆளனுப்பும் பெண்களே, உஷார்! வாங்கப் போகிற பையன்களே, உங்களுக்கும்தான்.

கருக்கலைப்பு பாவமா, உரிமையா? இளைஞர்களிடம் ஆளுக்கொரு பதில் இருக்கிறது. நண்பர்கள் நடுவில் "அது அவ இஷ்டம்" என்று பேசுகிற அதே பெண், தனக்கென்று வரும்போது பாவம் பண்ணுகிறோமோ என்று குமைகிறாள். அது அவரவர் மனசாட்சி. அதில் தலையிட எனக்கு உரிமையில்லை. அந்தக் குமைச்சலை யாரிடமும் சொல்லாமல் கடைக்கு ஓடுகிறார்களே, அதுதான் என்னைப் பதறவைக்கிறது.

பெயரும் தேதியும் உள்ள ஓரத்தைக் கத்தரித்துவிட்டு, மாத்திரை அட்டையைப் பேப்பரில் மடித்துத் தருவார்கள். பில் கிடையாது. எத்தனை வாரம் என்ற கேள்வியும் கிடையாது. கருக்கலைப்பு மாத்திரைகளான மைஃபெப்ரிஸ்டோன், மிசோப்ராஸ்டால் இரண்டும் டாக்டர் சொன்னபடி எடுத்தால் பாதுகாப்பானவைதான். நம் நாட்டு விதிப்படி 9 வாரம் வரை தரலாம். ஆனால் கரு கர்ப்பப்பையில் இல்லாமல் குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரைக்கு அது கலையாது. உதிரம் மட்டும் போகும். முடிந்தது என்று அந்தப் பெண் நிம்மதியாக இருப்பாள். குழாய்க்குள் கரு வளர்ந்துகொண்டே போய், ஒருநாள் வெடித்து வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். முன்கூட்டியே ஒரு ஸ்கேன் எடுத்திருந்தால் தெரிந்திருக்கும்.

இப்படி ஒளிய வேண்டியதே இல்லை. 1971-ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டத்தை 2021-இல் திருத்திவிட்டார்கள். கருத்தடை பலிக்காமல் கரு தங்கினால், கல்யாணமாகாத பெண்ணும் 20 வாரம் வரை ஒரு டாக்டரின் ஒப்புதலோடு கலைத்துக்கொள்ளலாம். 18 வயது நிறைந்தவருக்கு அவர் சம்மதம் போதும். அப்பா, கணவன் கையெழுத்து தேவையில்லை. அந்தப் பெண்ணின் பெயரை டாக்டர் வெளியே விட்டால் ஓராண்டு வரை சிறை. 18-க்குக் கீழே என்றால் பாதுகாவலர் சம்மதமும், போலீஸுக்குத் தகவலும் வேண்டும். ஆனால் கேட்டுக்கொண்டால் அந்தத் தகவலில் சிறுமியின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்று 2022-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

ஏற்கெனவே மாத்திரை போட்டாயிற்றா? தொடர்ந்து 2 மணி நேரம், மணிக்கு 2 நாப்கினுக்கு மேல் நனைகிறதா? அடிவயிற்றில் ஒரு பக்கம் சுருக்கென்ற வலி, தோள்பட்டை வலி, தலைசுற்றல், காய்ச்சல் இருக்கிறதா? விடியட்டும் என்று படுத்திருக்காதீர்கள். ஹாஸ்டல் அறைத்தோழிகளே, வார்டனுக்குப் பயந்து கதவைச் சாத்தாமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். என்ன மாத்திரை, எப்போது போட்டது என்று டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.