குடும்பநல நீதிமன்றத்தில் குழந்தை வழக்கு: செய்தி வெளியிட முடியுமா? சட்டம் சொல்வது என்ன?

பெற்றோர் பிரிந்தால் குழந்தை அம்மாவிடமா, அப்பாவிடமா? இன்னொருவர் எப்போது வந்து பார்க்கலாம்? இதையெல்லாம் முடிவு செய்வது குடும்பநல நீதிமன்றம். மதுரையிலும் இந்த நீதிமன்றம் இருக்கிறது. ஆனா, உள்ளே நடக்கும் விசாரணை பற்றி செய்தி வருவது ரொம்ப அபூர்வம். ஏன்?

'இன் கேமரா' என்றால் கேமராவா?

இல்லை. 'இன் கேமரா' என்றால் மூடிய அறைக்குள் நடக்கும் விசாரணை. குடும்பநல நீதிமன்றங்கள் சட்டம் 1984, பிரிவு 11-ன்படி, நீதிபதி நினைத்தால் விசாரணையை மூடிய அறையில் நடத்தலாம். கணவன், மனைவி இருவரில் ஒருவர் கேட்டாலே போதும், கட்டாயம் அப்படித்தான் நடத்த வேண்டும்.

மீறி எழுதினால்?

இந்து திருமணச் சட்டம் 1955, பிரிவு 22-ன்படி, அந்தச் சட்டத்தின் கீழ் நடக்கும் விசாரணை விவரங்களை அச்சிடவோ வெளியிடவோ கூடாது. மீறினால் 1,000 ரூபாய் வரை அபராதம். உயர்நீதிமன்றம், உச்சநீதிமன்றத்தின் தீர்ப்புகளை மட்டும் முன் அனுமதி பெற்று வெளியிடலாம்.

குழந்தைகள் நலக் குழு முன் வரும் குழந்தைகளுக்கு இன்னும் கடுமையான பாதுகாப்பு. சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74-ன்படி பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் தெரியும் எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

மூடிய கதவால் என்ன சிக்கல்?

குழந்தையின் பெயரை மறைப்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனா பெயரோடு சேர்ந்து, அதிகாரிகள் என்ன செய்தார்கள் என்பதும் மறைந்து போனால்?

2021-ல் மதுரையில் நடந்ததைப் பாருங்க. அது குடும்பநல நீதிமன்ற வழக்கு இல்லை. தனியார் காப்பகம் சம்பந்தப்பட்டது. கொரோனாவில் இறந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு வயதுக் குழந்தை, உயிரோடு மீட்கப்பட்டது. குழந்தைகளை விற்றதாக போலீஸ் வழக்குப் பதிந்து, கைது நடவடிக்கை எடுத்தது. இப்படி ஒரு விஷயத்தை மக்களுக்குச் சொல்ல குழந்தையின் பெயர் தேவையே இல்லை. காப்பகத்தை யார் கண்காணித்தார்கள், ஆவணங்களை யார் சரிபார்த்தார்கள் என்ற கேள்விகளே போதும்.

வெளிநாட்டில் என்ன வழி?

இங்கிலாந்து, வேல்ஸில் 2023 ஜனவரியில் லீட்ஸ், கார்டிஃப், கார்லைல் நீதிமன்றங்களில் ஒரு சோதனை முயற்சி தொடங்கியது. அங்கீகாரம் பெற்ற செய்தியாளர்கள் உள்ளே போய்ப் பார்த்ததை எழுதலாம். நிபந்தனை ஒன்றுதான்: குடும்பத்தின் அடையாளம் தெரியக் கூடாது. எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று நீதிபதியே உத்தரவு போட்டுவிடுவார். 2025 ஜனவரி 27 முதல் இது அங்குள்ள எல்லா குடும்பநல நீதிமன்றங்களுக்கும் விரிவானது. இந்தியாவில் இப்படித் தனி ஏற்பாடு இல்லை.

அப்போ இங்கே செய்தி வருவது எப்படி?

குழந்தையை மீட்டுத் தரக் கோரும் ஆட்கொணர்வு மனுக்கள், 2004 முதல் இயங்கும் உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வருகின்றன. செய்திகளில் மக்கள் பார்ப்பது பெரும்பாலும் இதைத்தான். ஆனா, உயர்நீதிமன்றம் வரை போக முடியாத குடும்பங்களின் வழக்கு, கீழே மூடிய அறையிலேயே முடிந்துவிடுகிறது. அங்கே தாமதமோ தவறோ நடந்தால், அது அந்தக் குடும்பத்துக்கு மட்டும்தான் தெரியும்.